24-7லிருந்து 31-34: கேம்ப்பெல் கிக்கரைக் கூப்பிடாததுதான் காரணமா?

நோவி_நாகு (29 ஜனவரி 2024)

காலையிலிருந்து எந்த வாட்சப் குழுவைத் திறந்தாலும் ஒரே பாட்டுதான். நேற்றைய அமெரிக்கன் ஃபுட்பால் அரையிறுதியில் நம் கோச் கேம்ப்பெல் அந்த இரண்டு ஃபீல்டு கோலையும் (உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடிக்கச் சொல்லியிருந்தால் டெட்ராய்ட் லயன்ஸ் இன்றைக்கு இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் இருந்திருக்குமாம். ஆபீஸில் காபி மெஷின் பக்கத்திலும் இதே பேச்சு. எனக்கு இதில் உடன்பாடு இல்லை, அதனால்தான் இந்த இழை. திட்டுவதென்றால் தாராளமாகத் திட்டுங்கள், ஆனால் இரண்டாம் பாதியை முழுசாகப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்.

நடந்தது இதுதான். எதிரணி ஃபார்ட்டி நைனர்ஸின் சொந்த மைதானமான சான்டா கிளாராவில் பாதி நேரத்தில் நாம் 24-7 முன்னால். மூன்றாவது குவாட்டரில் ஃபார்ட்டி நைனர்ஸ் ஒரு ஃபீல்டு கோல் அடித்து 24-10. அடுத்த முறை நம் ஆட்கள் அவர்களுடைய 28 யார்டு கோடு வரை போனார்கள், 4வது டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் கடைசி), 2 யார்டு தேவை. கேம்ப்பெல் கிக்கரை அனுப்பவில்லை. நம் குவாட்டர்பேக் (பந்து போடுபவர்) காஃப் போட்ட பந்து நேராக ஜாஷ் ரெனால்ட்ஸ் கைக்குப் போய், கையில் பட்டு, கீழே விழுந்தது. கோச் எடுத்த முடிவு சரியாகத்தான் வேலை செய்தது, பந்தைப் பிடிக்க வேண்டியவர் பிடிக்கவில்லை.

இரண்டாவது, கடைசி குவாட்டரில் 24-27 பின்னால் இருக்கும்போது 30 யார்டு கோட்டில் 4வது டவுன், 3 யார்டு. அதிலும் கிக் இல்லை. அமோன்-ரா செயின்ட் பிரவுனுக்குப் போட்ட பந்து போய்ச் சேரவில்லை. இதை வேண்டுமானால் விவாதிக்கலாம்.

ஆனால் என் கோபம் வேறு இடத்தில். ஆட்டம் முடிய ஒரு நிமிஷத்துக்குச் சற்று மேல் இருக்கும்போது 24-34. கோல் கோட்டுக்குப் பக்கத்தில் 3வது டவுன். கையில் மூன்று டைம் அவுட். அங்கே போய் மான்ட்கோமெரியிடம் பந்தைக் கொடுத்து ஓடச் சொன்னார்கள். உள்ளே போக முடியவில்லை, கடிகாரம் ஓடுகிறது, ஒரு டைம் அவுட் போச்சு. அடுத்த பந்திலேயே ஜேமிசன் வில்லியம்ஸ் டச் டவுன் (கோல் கோட்டைத் தாண்டினால் 6 புள்ளி, பிறகு உதைத்து 1) அடித்தார், 56 நொடி மிச்சம், 31-34. அந்த மூன்றாவது டைம் அவுட் இருந்திருந்தால் பந்தை நீளமாக உதைத்துவிட்டு, அவர்களை மூன்று தடவை நிறுத்தி, கடைசியாக ஒரு அரை நிமிஷம் பந்து நம் கைக்கு வந்திருக்கும். இரண்டுதான் இருந்ததால் ஆன்சைட் கிக்கை (குட்டையாக உதைத்து நாமே பிடிக்கப் பார்ப்பது) நம்ப வேண்டிய நிலை. அது இந்தக் காலத்து விதிகளில் கிட்டத்தட்ட லாட்டரி. பந்தை நைனர்ஸ் பிடித்தார்கள், கதை முடிந்தது.

கேட்டால் ஓடினால் உள்ளே போய்விடுவோம் என்று நினைத்தாராம். இதைப் பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை?

---

மீனா_ட்ராய்

நாகு, மூன்றாவது டவுன் ஓட்டம் தப்பு என்பதில் சண்டையே இல்லை. அதற்காக முதல் முடிவைக் கழுவி விடாதீர்கள்.

24-10 இருக்கும்போது ஒரு ஃபீல்டு கோல் என்றால் 27-10. எதிராளி மூன்று தடவை பந்தோடு வந்து ஸ்கோர் செய்தால்தான் எட்ட முடியும். அந்த மைதானத்தில் அந்த நிமிஷம் வரை சத்தமே இல்லை, ஞாபகம் இருக்கிறதா? ரெனால்ட்ஸ் பந்தை விட்ட பிறகுதான் கூட்டம் எழுந்தது. அடுத்த சில நிமிஷத்தில் அவர்கள் குவாட்டர்பேக் பர்டி நீளமாகப் போட்ட பந்து நம் கிண்டில் வில்டோரின் முகக் கவசத்தில் பட்டுத் தெறித்து அவர்கள் ரிசீவர் ஐயுக் கையில் போய் விழுந்தது. 51 யார்டு! அப்புறம் ஐயுக்கே டச் டவுன். அப்புறம் நம் முதல் பந்திலேயே கிப்ஸ் கை தவறவிட்டார். அங்கிருந்து அவர்கள் மெக்காஃப்ரி டச் டவுன். முடிந்தது, 24-24. எல்லாம் வரிசையாக அந்த ஒரு முடிவிலிருந்துதான் உருண்டது.

இன்னொன்று. முதல் பாதி முடியும்போது கோல் கோட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதே கேம்ப்பெல் 21 யார்டு ஃபீல்டு கோல் அடிக்கச் சொன்னாரே? அங்கே எங்கே போனது வீரம்? அங்கே மூன்று புள்ளி போதும், இங்கே போதாதா?

---

நோவி_நாகு

அக்கா, முதல் பாதியில் சில நொடிதான் மிச்சம் இருந்தது. தவறினால் கையில் ஒன்றுமே இல்லாமல் உள்ளே போக வேண்டும். தவறினாலும் எதிராளி தன் கோல் கோட்டில் மாட்டிக்கொள்வான் என்கிற லாபம் அங்கே கிடையாது, நேரமே முடிந்துவிடுகிறது. அதனால் அது வேறு கணக்கு.

வில்டோர் முகக் கவசத்தில் பந்து தெறித்ததற்கும் கேம்ப்பெலுக்கும் என்ன சம்பந்தம்? 27-10 இருந்திருந்தாலும் அது தெறித்துத்தான் இருக்கும்.

---

கணக்குப்பிள்ளை

நடுவில் வருகிறேன். 28 யார்டு கோட்டிலிருந்து என்றால் 46 யார்டு கிக். 30லிருந்து என்றால் 48. எல்லாரும் இதை உள்ளே விழுந்த புள்ளியாக எண்ணுகிறார்கள். இந்தத் தூரத்தில் லீக் முழுக்கப் பார்த்தால் நான்கில் மூன்று விழும், ஒன்று விழாது. அதுவும் நம் கிக்கர் யார்? பருவத்தை ரைலி பேட்டர்சனோடு ஆரம்பித்து, டிசம்பரில் அவரை அனுப்பிவிட்டு, பயிற்சி அணியிலிருந்த மைக்கேல் பேட்ஜ்லியைக் கூட்டி வந்தார்கள். ராம்ஸ் ஆட்டத்தில் நம் சொந்த மைதானம் ஃபோர்டு ஃபீல்டில் 50 யார்டுக்கு மேல் ஒன்று அடித்தார், மறுக்கவில்லை. ஆனால் அது கூரை போட்ட மைதானம். இது திறந்த புல்தரை, வெளியூர்.

4வது டவுனில் 2 யார்டு என்பது பாதிக்கு மேல் கிடைக்கிற விஷயம். நம் தாக்குதல் வரிசையைப் பாருங்கள், பெனே சூவல், ஃபிராங்க் ராக்னோ, டெய்லர் டெக்கர். இவர்களை வைத்துக்கொண்டு 2 யார்டுக்குப் பயப்படுவதா? கிடைத்தால் மூன்றுக்குப் பதில் ஏழு. முதல் முடிவு என் கணக்கில் இந்தப் பக்கமும் இல்லை அந்தப் பக்கமும் இல்லை, சமம். இரண்டாவது, சமநிலைக்குப் போக வேண்டிய இடம், நான் கிக் அடித்திருப்பேன். ஆனால் அதுவும் ஒரு நூலளவு வித்தியாசம்தான், ஊரே கூடிக் கல்லெறிகிற அளவுக்கு இல்லை.

---

புதுவரவு_கேன்டன்

எல்லாருக்கும் வணக்கம். போன ஆகஸ்டில்தான் மிச்சிகன் வந்தேன். கூட வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் நீலச் சட்டை போட்டுக்கொண்டு வருவதைப் பார்த்துத்தான் ஆட்டம் பார்க்கவே ஆரம்பித்தேன். தப்பாக நினைக்க வேண்டாம், ஒரு அடிப்படைச் சந்தேகம். 4வது டவுனில் கிக் அடிக்காமல் விளையாடினால் அப்படி என்ன பெரிய ஆபத்து?

---

மீனா_ட்ராய்

தப்பே இல்லை தம்பி, கேளுங்கள். பத்து யார்டு முன்னேற நான்கு வாய்ப்பு. பத்தைத் தாண்டினால் மறுபடி நான்கு. மூன்று வாய்ப்பில் தாண்டவில்லை என்றால் வழக்கமாக இரண்டில் ஒன்று செய்வார்கள். கோல் கம்பம் எட்டும் தூரம் என்றால் உதைத்து 3 புள்ளி எடுப்பார்கள். எட்டாது என்றால் பன்ட் அடித்து எதிராளியைத் தொலைவாகத் தள்ளிவிடுவார்கள். நான்காவதையும் விளையாடித் தவறினால் பந்து அதே இடத்தில் எதிராளிக்கு.

இந்த ஆள் கேம்ப்பெல் இருக்கிறாரே, இவர் அதை ஒரு மதம் மாதிரி செய்கிறார். முதல் ஆட்டத்தைப் பார்த்தீர்களா, கேன்சஸ் சிட்டியில்?

---

புதுவரவு_கேன்டன்

இல்லை அக்கா, அக்டோபரிலிருந்துதான் பார்க்கிறேன்.

---

பழைய_சிங்கம்

அதை நான் சொல்கிறேன். செப்டம்பர் 7, வியாழக்கிழமை, சாம்பியன் சீஃப்ஸ் அணியின் சொந்த மைதானம், சீசனின் முதல் ஆட்டம். முதல் குவாட்டரிலேயே நம்முடைய 17 யார்டு கோட்டில், நன்றாகக் கவனியுங்கள், நம்முடைய 17, 4வது டவுன். பன்ட் அடிக்க வரிசையில் நின்றுவிட்டு அடிக்காமல் ரீவ்ஸ்-மேபினிடம் பந்தைக் கொடுத்து ஓட விட்டார்கள். தவறியிருந்தால் சீஃப்ஸ் குவாட்டர்பேக் மஹோம்ஸ் கையில் பந்து, 17 யார்டு தூரத்தில். தவறவில்லை. அதே வரிசையில் டச் டவுன். இரண்டாம் பாதியில் புதுப் பையன் பிரையன் பிராஞ்ச் டோனி கையிலிருந்து நழுவிய பந்தைப் பிடித்து 50 யார்டு ஓடி டச் டவுன். 21-20 ஜெயித்தோம். கெல்சிக்குக் காயம், கிறிஸ் ஜோன்ஸ் சம்பளச் சண்டையில் வெளியே, அதனால்தான் ஜெயித்தீர்கள் என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

நாகு சொல்வதில் எனக்குப் பிடித்தது இதுதான். அந்த 17 யார்டு கோட்டில் கைதட்டியவர்கள் சான்டா கிளாராவில் மட்டும் ஏன் பதறுகிறார்கள்? நவம்பரில் சார்ஜர்ஸ் ஆட்டமும் அப்படித்தான். 38-38, இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு, ஃபீல்டு கோல் எட்டும் தூரம். ஊரில் இருக்கிற எல்லா கோச்சும் உதைப்பார்கள். இவர் 4வது டவுனை விளையாடினார், லபோர்டா பிடித்தார், கடிகாரத்தைக் கரைத்துவிட்டு அப்புறம் உதைத்து 41-38. அவர்கள் குவாட்டர்பேக் ஹெர்பர்ட்டுக்குப் பந்தே திரும்பிப் போகவில்லை.

நான் 1994 இலையுதிர் காலத்தில் இங்கே வந்தவன். அந்த வருஷம் ஜனவரியில்தான் லயன்ஸ் சொந்த ஊரில் கடைசியாக பிளே ஆஃப் (நாக் அவுட் சுற்று) ஆடியிருந்தது, பேக்கர்ஸிடம் தோற்றது. சரி, அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அடுத்த முறை வர 30 வருஷம் ஆனது. நடுவில் என்னென்ன பார்த்தோம்! பாரி சாண்டர்ஸ் 1997ல் 2,053 யார்டு ஓடினார், இரண்டு வருஷம் கழித்து ஆடத் தெம்பு இருக்கும்போதே விலகினார். நிர்வாகி மாட் மில்லெனின் தோல்விக் காலம். 2008ல் 16 ஆட்டத்தில் 16 தோல்வி, அதில் மினசோட்டாவில் நம் குவாட்டர்பேக் தானாகவே எண்ட் ஜோனுக்கு வெளியே ஓடி இரண்டு புள்ளி கொடுத்த காட்சி வேறு. கால்வின் ஜான்சனும் சீக்கிரமே விலகினார். டாலஸில் 2015 ஜனவரியில் எதிராளி தவறுக்கு நடுவர்கள் கொடியை வீசிவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இதற்கு நடுவில் வந்த கோச்சுகள் எல்லாரும் பத்திரமான ஆட்டம்தான் ஆடினார்கள். 4வது டவுனில் ஒழுங்காக உதைத்தார்கள். ஒழுங்காகத் தோற்றார்கள்.

---

சன்னிவேல்_பாலா

எதிர்முகாமிலிருந்து ஒரு வார்த்தை, விரட்டிவிடாதீர்கள். நேற்று மைதானத்தில் இருந்தேன்.

முதல் பாதியில் உங்கள் ஆட்கள் எங்கள் முன்வரிசையைத் தரையோடு தேய்த்தார்கள். வில்லியம்ஸ் 42 யார்டு ஓடியது, அப்புறம் மான்ட்கோமெரி, கிப்ஸ். எங்கள் தடுப்பாட்டம் அப்படி நசுங்கி இந்தப் பருவத்தில் நான் பார்த்ததில்லை. பாதி நேரத்தில் பக்கத்து இருக்கைக்காரர் கார் பார்க்கிங் நெரிசலைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டார்.

நீங்கள் யாரும் பேசாத ஒன்று, பர்டியின் கால். பந்து போட ஆள் கிடைக்காதபோதெல்லாம் ஓடினார், மொத்தம் 48 யார்டு. உங்கள் ஹட்சின்சன் ஒரு பக்கம் நெருக்குகிறார், மறுபக்கம் ஆளே இல்லை, நடுவில் வாசல் திறந்து கிடக்கிறது. அது 4வது டவுனால் வந்த வினை இல்லை. 27 புள்ளி தொடர்ந்து வாங்கியிருக்கிறீர்கள். ஒரு ஃபீல்டு கோல் அதை நிறுத்தியிருக்குமா?

அப்புறம், எங்கள் கோச் ஷனஹன் அட்லாண்டாவில் இருந்தபோது சூப்பர் பவுலில் 28-3லிருந்து தோற்ற அணியின் தாக்குதலை நடத்தியவர். பெரிய முன்னிலை கரைவது எப்படி என்று அவருக்குத் தெரியாததா?

---

நோவி_நாகு

பாலா, வலிக்கிற இடத்தில் சரியாகக் கை வைத்தீர்கள். விரட்ட மாட்டோம், இருங்கள்.

---

எல்ஏ_சேகர்

சீஃப்ஸோடு நைனர்ஸ் மோதப்போகிறது, எனக்கு இரண்டுமே பிடிக்காது, அதனால் இங்கே வந்து அழுகிறேன். ராம்ஸ் ரசிகன்.

ஒரு விஷயம் சொல்லுங்கள். 2021 ஜனவரியில் ஸ்டாஃபோர்டை எங்களிடம் கொடுத்து காஃபை வாங்கினீர்கள். எல்லாரும் காஃபைக் கணக்கில் சுமையாகச் சேர்த்த ஆள் என்றார்கள், எங்களுக்கு அதே பருவத்தில் கோப்பை கிடைத்தது. இப்போது இந்த ஜனவரி 14ல் அதே ஸ்டாஃபோர்ட் உங்கள் மைதானத்துக்கு வந்து 367 யார்டு போட்டு 24-23ல் தோற்றுப் போனார். உங்கள் கூட்டம் 12 வருஷம் உழைத்த மனிதரை அப்படிக் கூச்சல் போட்டு வரவேற்றது எனக்குப் பிடிக்கவில்லை, அதை நேராகவே சொல்கிறேன். ஆனால் ஆட்டம் முழுக்க "ஜேரட் காஃப்" என்று அறுபதாயிரம் பேர் பாடியபோது, சரி, இந்த வியாபாரத்தில் யாரும் ஏமாறவில்லை என்று தோன்றியது.

பை த வே, அந்த ஆட்டத்தில் எங்கள் கோச் மெக்வே என்ன செய்தார்? கடைசி நான்கு நிமிஷத்தில் ஒரு புள்ளி பின்னால் இருந்துகொண்டு 4வது டவுனில் பன்ட் அடித்தார். பந்து எங்களுக்குத் திரும்பி வரவே இல்லை. நீங்கள் ஓட்டியே முடித்துவிட்டீர்கள். பத்திரமாக ஆடித் தோற்றவனும் இங்கே ஒருவன் இருக்கிறான் என்பதற்காகச் சொல்கிறேன்.

---

கணக்குப்பிள்ளை

சேகர், அது 4வது டவுனில் 14 யார்டு. அங்கே கேம்ப்பெல்கூட பன்ட் அடித்திருக்கக் கூடும். :)

ஆனால் அந்த வியாபாரம் பற்றி எடுத்தீர்களே, அதில் பலரும் கவனிக்காத நூல் ஒன்று இருக்கிறது. காஃபோடு சேர்த்து டிராஃப்டில் (புது வீரர்களை வரிசைப்படி எடுப்பது) இரண்டு முதல் சுற்று, ஒரு மூன்றாம் சுற்று இடம் கொடுத்தீர்கள். 2022ல் நீங்கள் கோப்பை வாங்கியதால் எங்களுக்கு வந்தது 32வது இடம், அதை மற்றவற்றோடு கோர்த்து 12வது இடத்துக்கு ஏறி ஜேமிசன் வில்லியம்ஸை எடுத்தார்கள். அடுத்த வருஷம் ராம்ஸ் கவிழ்ந்ததால் உங்கள் இடம் 6வதாக வந்து விழுந்தது. எங்கள் ஜெனரல் மேனேஜர் பிராட் ஹோம்ஸ் அதை அரிசோனாவிடம் கொடுத்து 12வது, 34வது இடங்களுக்கு மாற்றினார். 12ல் ஜமீர் கிப்ஸ், 34ல் சாம் லபோர்டா. அதாவது நேற்று முதல் பாதியில் டச் டவுன் அடித்த வில்லியம்ஸும் கிப்ஸும், இந்தப் பருவத்தில் 86 பந்து பிடித்த லபோர்டாவும் எல்லாம் ஸ்டாஃபோர்ட் கொடுத்த வட்டி. 2023 பருவம் வரை முதல் வருஷ டைட் எண்ட் ஒருவர் பிடித்ததிலேயே 86தான் அதிகமாக இருந்தது.

---

மீனா_ட்ராய்

கிப்ஸை எடுத்த இரவில் டிவியில் எப்படிக் கிழித்தார்கள்! ரன்னிங் பேக்குக்கு 12வது இடமா, லைன்பேக்கர் ஜாக் கேம்ப்பெலுக்கு 18வது இடமா, ஹோம்ஸுக்கு விலை தெரியவில்லை என்றார்கள். கடைசியில் மான்ட்கோமெரி 1,015 யார்டு, கிப்ஸ் 945 யார்டு. இரண்டு பேரும் சேர்ந்து ஓடியே 23 டச் டவுன். காஃப் 4,575 யார்டு, 30 டச் டவுன். செயின்ட் பிரவுன் 119 பந்து, 1,515 யார்டு. அந்தப் பையன் நான்காவது சுற்றில் எடுக்கப்பட்டவர். தனக்கு முன்னால் எடுக்கப்பட்ட ரிசீவர்கள் பெயரை எல்லாம் இன்னும் வரிசையாக ஒப்பிக்கிறார், எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

ஆனால் எல்லாரும் தாக்குதலையே பாராட்டுகிறீர்கள். என் கேள்வி அப்படியே நிற்கிறது. இவ்வளவு நல்ல அணிக்கு 17 புள்ளியைக் காப்பாற்றத் தெரியவில்லையே, ஏன்?

---

நோவி_நாகு

அது சரியான கேள்வி. இதற்கு விடை சான்டா கிளாராவில் இல்லை, அக்டோபரிலேயே இருந்தது.

பால்டிமோரில் 38-6. லாமர் ஜாக்சன் முதல் பாதியிலேயே ஆட்டத்தை முடித்துவிட்டார். ஓடுகிற குவாட்டர்பேக் வந்தால் நமக்கு உதறல். அடுத்து நன்றி தெரிவிக்கும் நாளில் பேக்கர்ஸ் வந்து ஜோர்டன் லவ் முதல் பந்திலிருந்தே நீளமாகப் போட்டு 29-22. நியூ ஆர்லியன்ஸில் ஆரம்பத்திலேயே 21-0 முன்னால் போய்விட்டு, கடைசியில் 33-28 என்று மூச்சு வாங்கித் தப்பித்தோம். முன்னிலையைக் கரைப்பது புதுசு இல்லை என்று சொல்ல வருகிறேன். ராம்ஸ் ஆட்டத்திலும் நகுவா என்கிற புதுப் பையன் நம் மேல் 181 யார்டு எடுத்தார். அவர்கள் கோல் கோட்டுப் பக்கம் வந்து மூன்று தடவை ஃபீல்டு கோலோடு திரும்பியதால் பிழைத்தோம். சேகர் மன்னிக்கவும்.

ஓட்டத்தைத் தடுப்பதில் நாம் பரவாயில்லை, நன்றாகவே செய்தோம். பாஸ் என்று வந்தால் பின்வரிசையில் ஓட்டை. கார்னர்பேக் (எதிரணி ரிசீவரை மறிப்பவர்) இடத்தில் சட்டன் ஒரு பக்கம், மறுபக்கம் மாறி மாறி ஆட்கள். வில்டோர் சீசன் நடுவில் வந்து சேர்ந்தவர், அவரைத் திட்டி என்ன பயன்? ஹட்சின்சன் 11.5 சாக் (பந்து போடும் முன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்தார், அவருக்கு அடுத்து அந்தப் பக்கத்தில் யார் என்று கேட்டால் பெயர் சொல்ல யோசிக்க வேண்டும். எதிரணிக் குவாட்டர்பேக்குக்கு மூன்று நொடிக்கு மேல் நேரம் கொடுத்தால் எந்த கார்னர்பேக்கும் தாங்க மாட்டார்.

அதனால்தான் கேம்ப்பெல் 4வது டவுனில் உதைப்பதில்லை என்பது என் கட்சி. தன் தடுப்பாட்டம் 27-10ஐக் காப்பாற்றும் என்று அவருக்கே நம்பிக்கை கிடையாது. ஏழு ஏழாக அடித்தால்தான் ஜெயிக்க முடியும் என்று அவருக்குத் தெரியும். அது வீரமும் இல்லை திமிரும் இல்லை.

---

மீனா_ட்ராய்

இதை முதல் பதிவிலேயே சொல்லியிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். இப்படிப் பார்த்தால் முதல் முடிவை ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவதை இன்னும் ஏற்க மாட்டேன். ஏழரை நிமிஷம் இருக்கும்போது 27-27 என்றால் அது வேறு ஆட்டம்.

---

பழைய_சிங்கம்

டாலஸை விட்டுவிட்டோமே. டிசம்பர் 30. கடைசி 23 நொடியில் டச் டவுன் அடித்து 19-20. அங்கேயும் ஒரு புள்ளிக்கு உதைத்து ஓவர்டைம் போகலாம், இவர் இரண்டு புள்ளிக்குப் போனார். டெக்கர் பந்தைப் பிடித்தார், ஜெயித்துவிட்டோம் என்று குதித்து முடிப்பதற்குள் கொடி. பந்து பிடிக்கத் தகுதியான ஆளாக நடுவரிடம் சொன்னது டெக்கர் இல்லை, ஸ்கிப்பர் என்று பிராட் ஆலன் குழு முடிவு செய்தது. டெக்கர் நடுவரிடம் போய்ப் பேசியது எல்லாக் காமெராவிலும் இருக்கிறது. பிறகு 7 யார்டிலிருந்து மறுபடி, அதிலும் எதிராளி தவறு செய்ய மறுபடி, கடைசியில் தோல்வி.

அந்த ஆட்டம் நம் கணக்கில் சேர்ந்திருந்தால் 12 வெற்றி 5 தோல்வி இல்லை, 13-4. முதல் இடம் யாருக்கு என்பது கடைசி வாரம் வரை தீராமல் இருந்திருக்கும். சான்டா கிளாராவுக்குப் பதில் ஃபோர்டு ஃபீல்டாகக்கூட இருந்திருக்கலாம், யார் கண்டது. நேற்று பந்து முகக் கவசத்தில் தெறித்ததைவிட இதுதான் எனக்கு அதிகம் எரிகிறது.

---

புதுவரவு_கேன்டன்

சார், ஒரு கேள்வி. ஆட்டம் முடிந்ததும் கேம்ப்பெல் இதுவே நம் ஒரே வாய்ப்பாகக்கூட இருந்திருக்கலாம், அடுத்த வருஷம் இந்த இடத்துக்குத் திரும்புவது இரண்டு மடங்கு கஷ்டம் என்ற மாதிரிப் பேசினார். இவ்வளவு இளம் அணி, அப்படி ஏன் சொல்கிறார்?

---

பழைய_சிங்கம்

தம்பி, 1991 பருவத்தில் டாலஸை 38-6 அடித்து லயன்ஸ் இதே இடத்துக்கு வந்தது. அப்போதும் இளம் அணி. பாரி சாண்டர்ஸுக்கு மூன்றாவது வருஷம்தான். இனி வருஷா வருஷம் வருவோம் என்றுதான் எல்லாரும் நினைத்தார்களாம். அதற்குப் பிறகு பிளே ஆஃபில் வரிசையாக ஒன்பது தோல்வி. தோற்ற அந்த டாலஸ் அடுத்த நான்கு பருவத்தில் மூன்று கோப்பை வாங்கியது.

கேம்ப்பெல் 2008ல் இதே லயன்ஸ் அணியில் ஆட்டக்காரர், அந்த 16 தோல்விப் பருவத்தில். காயத்தால் அதிகம் ஆடவில்லை. அவர் அப்படித்தான் பேசுவார்.

---

கணக்குப்பிள்ளை (30 ஜனவரி)

சூடான செய்தி: பென் ஜான்சன் போகவில்லை! வாஷிங்டன், சியாட்டில் இரண்டிடமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு லயன்ஸிலேயே தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறாராம். வாஷிங்டன் ஆட்கள் அவரைப் பார்க்க டெட்ராய்ட்டுக்கு விமானத்தில் வந்துகொண்டிருக்கும்போதே தகவல் போயிருக்கிறது. பாவம்தான்.

---

மீனா_ட்ராய்

அப்பாடா! காஃபுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. 2022ல் 1-6லிருந்து 9-8க்கு ஏறியதே இவர் இந்தப் பொறுப்பில் இருந்தபோதுதான். அந்த வருஷக் கடைசி ஆட்டத்தில் லாம்போவில் பேக்கர்ஸை 20-16 அடித்து ஆரன் ராட்ஜர்ஸை வீட்டுக்கு அனுப்பினார்களே, நமக்கே பிளே ஆஃப் வாய்ப்பு போன பிறகு. என்னைக் கேட்டால் இந்தப் பருவம் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது.

---

எல்ஏ_சேகர்

வாஷிங்டன்காரர்கள் பாதி வழியில் என்ன செய்திருப்பார்கள்? பைலட்டிடம் யூ-டர்ன் கேட்டிருப்பார்களோ.

---

நோவி_நாகு

நம் தடுப்பாட்ட ஒருங்கிணைப்பாளர் ஆரன் க்ளென்னையும் பார்க்கத்தானே வந்தார்கள், இறங்கி அந்த வேலையையாவது முடித்துவிட்டுப் போகட்டும். அவர் போனாலும் இருந்தாலும் ஆள் இல்லாமல் யாராலும் பாஸைத் தடுக்க முடியாது.

சரி, அடுத்து ஏப்ரல். டிராஃப்ட் நம் டெட்ராய்ட் டவுன்டவுனில்தான் நடக்கப் போகிறது, நமக்கு 29வது இடம். என் பட்டியலில் முதலில் கார்னர்பேக், இரண்டாவதும் கார்னர்பேக். மூன்றாவது, ஹட்சின்சனுக்கு மறுபக்கம் ஓட ஒருவர். கிக்கருக்காக டிராஃப்டில் இடத்தை வீணாக்க வேண்டாம், சந்தையில் கிடைப்பவரை வைத்துப் பார்க்கலாம். நம் கோச் அவரைக் கூப்பிடப் போவதில்லை என்பது வேறு விஷயம். கேன்டன் தம்பி, டிராஃப்ட் பார்க்க இலவச அனுமதிதான், முன்கூட்டியே ஆப்பில் பதிவு செய்ய வேண்டியிருக்கும். வருவதென்றால் சொல்லுங்கள், நோவியிலிருந்து ஒரு கார் கிளம்பும்.

---

மீனா_ட்ராய்

கார்னர்பேக் சரி. ஆனால் கிக்கருக்கு ஐந்தாவது சுற்றாவது கொடுங்கள், இன்னொரு ஜனவரியில் உங்களோடு இதே சண்டையைப் போட எனக்குத் தெம்பு இல்லை. ட்ராயிலிருந்து இரண்டு பேர் வருகிறோம், காரில் இடம் வையுங்கள்.